காசுக்கேற்ற ஒலி: வாசகர் கேள்வி–பதில்

வீட்டு ஆடியோ பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சுருக்கி இங்கே தந்திருக்கிறோம்.

எங்கள் ஹால் 10 அடிக்கு 14 அடி. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. கடையில் 5.1 ஹோம் தியேட்டர் செட்டை எடுக்கச் சொல்கிறார்கள். நாங்கள் படம் பார்ப்பது எப்போதாவதுதான். பாட்டு தினமும் ஓடும். எதை வாங்குவது?
– வாசகர், திருச்சி

பாட்டுதான் தினமும் என்றால் 5.1 வேண்டாம். அந்த 40,000 ரூபாய் ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர், ஆறு சேனல் ஆம்ப்ளிஃபயர், ரிமோட், டிஸ்ப்ளே என்று பல பங்காகப் பிரிந்துவிடும். ஒரு ஸ்பீக்கருக்கு விழுவது சொற்பம். உள்ளங்கை அகல பிளாஸ்டிக் டப்பாவில் 2 அல்லது 3 அங்குலக் கோன்தான் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) இருக்கும். அது 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறையக் குறைய ஒலி தாழும்) உருப்படியாக எதையும் பாடாது. அதனால் ஆண் குரலின் அடிப்பகுதியும் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் மூலையில் இருக்கும் சப்வூஃபர் பெட்டியிலிருந்து வரும். மீதி சுவரில் மாட்டிய டப்பாவிலிருந்து வரும். பாடகர் ஓரிடத்தில் நின்று பாடுவதாகவே தோன்றாது.

ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர், ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், அவ்வளவுதான். ஸ்பீக்கருக்கு 22,000 முதல் 25,000 வரை ஒதுக்குங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு 10,000 அல்லது 12,000 போதும். மிச்சத்தில் ஸ்டாண்டும் வயரும் ஒரு தடித்த தரைவிரிப்பும் வரும். ஏன் இந்தப் பங்கீடு என்றால், ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே காதுக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே வித்தியாசம் அடுத்த அறையில் இருப்பவருக்கே தெரியும்.

தாழ்ந்த ஒலிக்கு 5 அல்லது 6.5 அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்கு 1 அங்குல ட்வீட்டர், எம்.டி.எஃப். என்கிற மரநார்ப் பலகைப் பெட்டி. இந்த வகைக்கு ‘புக்‌ஷெல்ஃப்’ என்று பெயர். விவரத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது அதிர்வெண் வரம்பு, அதாவது எவ்வளவு தாழ்ந்த ஒலியிலிருந்து எவ்வளவு உயர்ந்த ஒலி வரை பாடும் என்பது. ‘50 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, ±3 டெசிபல்’ என்று இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. அதற்குள் சத்தம் எவ்வளவு ஏறி இறங்கும் என்ற டெசிபல் கணக்கைச் சொல்லாத ‘20 – 20,000’ வெறும் அலங்காரம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஸ்பீக்கரில் எண்பதுகளின் படப்பாட்டில் ஓடும் பேஸ் (தாழ்ந்த ஒலி) ஏறக்குறைய முழுசாகவே கிடைக்கும்.

இரண்டாவது சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்ற கணக்கு. 85 டெசிபல் ஸ்பீக்கரில் கிடைக்கும் அதே சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்டில் கொடுத்துவிடும். உங்கள் ஹாலில் 87 டெசிபல் ஜோடியை வைத்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், சராசரியாக ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்குப் போதும். மேளம் அடிக்கும் நொடிகளுக்காக 30 முதல் 50 வாட் ஆர்.எம்.எஸ். (விடாமல் தரக்கூடிய சக்தி) வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் காசு ஹாலுக்குள் கேட்காது.

கடைக்குப் போகும்போது நீங்கள் நூறு தடவை கேட்ட நாலு பாட்டை மொபைலில் டவுன்லோடு செய்து எடுத்துப் போங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் அதைப் போடுகிறார். டோன், லவுட்னஸ் பட்டன்களை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும், மொபைலில் டெசிபல் மீட்டர் செயலி இருந்தால் அதை வைத்தே பார்க்கலாம். சத்தம் ஒரு இழை கூடினாலே அதுதான் ‘தெளிவு’ என்று காது நம்பிவிடும். விலை கூடியதைச் சற்றே சத்தமாக வைப்பது கடைகளில் பழைய வித்தை.

பெட்டியில் ‘12,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருக்கிறது. பக்கத்துக் கடையில் 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். செட் அதைவிட விலை கூட. எது உண்மை?
– வாசகர், விருதுநகர்

ஒரு கண உச்ச சக்தி என்று சொல்லப்படும் பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட வரையறையே கிடையாது. அச்சடிப்பவர் போட்டதுதான் எண். செட்டைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். ‘230 வோல்ட், 60 வாட்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அது சாதாரண ஓட்டத்தில் இழுக்கும் மின்சாரம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் சுவரிலிருந்து 60 வாட் எடுக்கிற பெட்டி 12,000 வாட் கொடுக்காது. பேட்டரி இல்லாத, அடாப்டரில் ஓடும் செட்டுகளுக்குக் கணக்கு இன்னும் சுலபம்: 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 24 வாட்.

ஆர்.எம்.எஸ். என்று போட்டிருந்தாலும் பக்கத்தில் இருப்பதையும் படியுங்கள். ‘10% டி.எச்.டி.’, அதாவது பத்து சதவீத ஒலிச்சிதைவு என்றால் ஒலி கிழியும் வரை திருகி எடுத்த எண். அதில் கால் பங்கு கழித்துக்கொள்ளுங்கள். ‘ஒரு சேனல் மட்டும் ஓடும்போது’ என்று இருந்தால் எல்லாச் சேனலும் சேர்ந்து ஓடும்போது அது கிடைக்காது.

ஸ்பீக்கர் வயர் மீட்டர் 1,500 ரூபாய்க்கு ஒன்றும் 60 ரூபாய்க்கு ஒன்றும் காட்டுகிறார்கள். நல்ல ஸ்பீக்கர் வாங்கிவிட்டு வயரில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், ஈரோடு

கஞ்சத்தனம் செய்யுங்கள். வயரின் வேலை மின்தடையைக் குறைவாக வைத்துக்கொள்வது மட்டும்தான். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், எலெக்ட்ரிக்கல் கடையில் ‘ஒன்றரை ஸ்கொயர்’ என்று கேட்பது, கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர், தடை 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் சத்தம் 0.13 டெசிபல். எந்தக் காதுக்கும் தெரியாது. வயரின் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்பது வழக்கமான அளவுகோல். 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒன்றரை ஸ்கொயர் 8 மீட்டர் வரை தாங்கும், அதற்கு மேல் இரண்டரை ஸ்கொயர் எடுங்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. மலிவான ஸ்பீக்கர் வயர்களில் பல, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்; நாலைந்து முறை மடக்கினால் ஒடிந்துவிடும். தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அதுகூடப் பரவாயில்லை, ஒரு அளவு தடிமன் கூட்டி வாங்கினால் சரியாகிவிடும். திருகுகிற இடத்தில் அலுமினியம் நசுங்கி, கருத்து, நாளடைவில் தொடர்பு தளர்வதுதான் தொல்லை.

விலை உயர்ந்த வயரும் சரிசெய்ய முடியாத தவறு பிளஸ்-மைனஸ் மாற்றிக் கொடுப்பது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து திரியும். ‘புது ஸ்பீக்கரில் பேஸே இல்லை’ என்று வருகிற புகார்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வயரின் ஒரு முனையில் ஒற்றை இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆம்ப்ளிஃபயர் போயே போய்விடும். முறுக்கி, முடிந்தால் ஈயம் வைத்து, பிறகு செருகுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. கம்பெனி செட்டைவிடச் சத்தமும் அதிகம். நம்பி வாங்கலாமா?
– வாசகர், ஆவடி

வாங்கலாம், மூடியைத் திறந்து காட்டச் சொல்லி வாங்குங்கள். திறக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?

முதலில் டிரான்ஸ்பார்மர். ‘12-0-12, 5 ஆம்பியர்’ என்றால் 24 பெருக்கல் 5, ஆக 120 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்). ஆறு சேனலுக்கும் தீனி அதிலிருந்துதான். எல்லாம் சேர்த்து 60, 70 வாட் வந்தாலே நேர்மையான செட். ‘சேனலுக்கு 100 வாட்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். செம்புக் கம்பி சுற்றிய 120 வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். அலுமினியம் சுற்றியது எடை குறைவு, சீக்கிரம் சுடும், பேஸ் வரும்போது வோல்டேஜ் இறங்கி அடி மழுங்கும். அரை மணி நேரம் சத்தமாக ஓட்டச் சொல்லி டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு தொடுங்கள். கையை வைத்திருக்க முடிய வேண்டும்.

அடுத்தது போர்டு. 4440 என்பது கார் ஸ்டீரியோவுக்காக வந்த ஐ.சி. (ஆம்ப்ளிஃபயரையே அடக்கிய சில்லு); 13.2 வோல்ட்டில் சேனலுக்கு 6 வாட், இரண்டையும் பிரிட்ஜ் செய்து ஒன்றாக்கினால் 19 வாட். சின்ன ஸ்பீக்கருக்கு அது போதும். 2030 ஐ.சி. 14 வாட் தரும், ஒலியும் சுத்தம். ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. 12-0-12 டிரான்ஸ்பார்மரிலிருந்து டையோடு, கப்பாசிட்டர் தாண்டி வருவது பிளஸ், மைனஸ் இருபுறமும் 16, 17 வோல்ட். இரவில் வீட்டு மின்சாரம் 250 வோல்ட்டுக்கு ஏறி, செட்டும் சத்தமில்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் அது 18-ஐத் தாண்டிவிடும். சாதாரண 2030-இன் எல்லை 18 வோல்ட். ‘நேற்று ராத்திரி வரை நன்றாகத்தான் பாடியது’ என்று கொண்டுவரும் செட்டுகளில் பல இப்படிப் போனவை. 2030ஏ என்ற வகை 22 வோல்ட் வரை தாங்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதையே போடச் சொல்லுங்கள்.

சப்வூஃபருக்கு 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு வைப்பார்கள். அசலாக இருந்தால் அருமையான ஜோடி. போலி ஏராளம். போலி வெடிக்கும்போது உள்ளேயே ஷார்ட் ஆகி, நேர் மின்சாரத்தை (டி.சி.) அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்பும். சில நொடியில் வூஃபரின் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) கருகிவிடும். அதனால் ‘ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன்’ போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்ச் போட்டு மூன்று நான்கு நொடி கழித்து ‘டிக்’ என்று ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) சத்தம் கேட்க வேண்டும். அந்த டிக் இல்லாத டிரான்சிஸ்டர் செட்டுக்கு உங்கள் நல்ல ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.

மெட்டல் கேபினெட் என்றால் மூன்று பின் பிளக்கும், எர்த் கம்பி பாடியில் திருகப்பட்டிருப்பதும் கட்டாயம். ஃபியூஸ் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பதும் நடக்கிறது.

கடைசியாக, பெட்டியில் 5.1 என்று எழுதியிருப்பதாலேயே அது 5.1 ஆகிவிடாது. எச்.டி.எம்.ஐ. அல்லது ஆப்டிகல் இன்புட்டும், சேனல்களைப் பிரித்தெடுக்கும் டால்பி டிகோடர் போர்டும் இல்லாமல், சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகள் மட்டும் இருந்தால் ஸ்டீரியோவைப் பிரித்து ஐந்து பக்கமும் அனுப்புகிறது என்று அர்த்தம். ‘லெஃப்ட்… சென்டர்… ரைட்…’ என்று குரல் சொல்லும் 5.1 டெஸ்ட் கிளிப்பை பென் டிரைவில் எடுத்துப் போங்கள். குரல் ஒவ்வொரு ஸ்பீக்கராக நகர வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பேசினால் ஸ்டீரியோ விலை மட்டும் பேசுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் அசெம்பிள் செட்டுக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. பத்து வருஷம் கழித்தும் எந்த ஊரிலும் ரிப்பேர் ஆகும். கம்பெனி ஹோம் தியேட்டரின் மெயின் போர்டு போனால் பெரும்பாலும் குப்பைதான்.

ஆம்ப்ளிஃபயரை டிவியோடு இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று விடாமல் இரைகிறது. வயர் மாற்றியும் போகவில்லை. புது ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பொறுங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, எல்லா இன்புட் வயர்களையும் பிடுங்கிவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் இரைந்தால் உள்ளே ஃபில்டர் கப்பாசிட்டர் போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் மாற்றுவது சின்ன வேலை. இரைச்சல் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயர் மேல் பழி இல்லை.

எல்லாவற்றையும் மறுபடி செருகிவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிளை மட்டும் கழற்றுங்கள். பல வீடுகளில் இரைச்சல் அங்கேதான் நிற்கும். கேபிளின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் வேறு வேறு மட்டத்தில் இருப்பதால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் ஓடுகிறது, அதைத்தான் கேட்கிறீர்கள். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் தீர்ந்தது. அதில் ஒளிதான் போகிறது, மின்தொடர்பு கிடையாது. ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் இல்லையென்றால் ஆப்டிகலை ஆர்.சி.ஏ.வாக மாற்றும் சின்ன டாக் பெட்டி ஒன்று நடுவில் போதும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பார்ப்பது இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய, காசில்லாத வேலை.

எர்த் பின்னை ஒடித்துவிட்டால் இரைச்சல் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகும், ஏதாவது ஒருநாள் பாடியில் கரண்ட் வந்தால் ஆளும் போய்விடுவார். கரண்ட் போன நேரத்தில் மட்டும் இரைகிறது என்றால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. செட்டில் குறையில்லை.

அப்பாவுக்கு 78 வயது. டிவியில் பாட்டு கேட்கிறது, வசனம் புரியவில்லை என்கிறார். சப்வூஃபரோடு சவுண்ட்பார் வாங்கித் தரலாமா?
– வாசகி, மதுரை

சப்வூஃபர் வேண்டாம். வசனம் புரிவது க, ச, ட, த, ப போன்ற மெய்யெழுத்துகள் தெளிவாக விழுவதில். அவற்றின் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வயதில் காது முதலில் இழப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் கூர்மையான ஒலி சுவருக்கும் தரைக்கும் போய்விடுகிறது. இதில் சப்வூஃபரைச் சேர்த்தால் பின்னணி இசை வசனத்தை இன்னும் மூடும்.

செலவில்லாமல் முதலில் இதைச் செய்யுங்கள்: டிவியின் சவுண்ட் மெனுவில் சரவுண்டை அணைத்து, ‘ஸ்பீச்’ அல்லது ‘கிளியர் வாய்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். செட்டாப் பாக்ஸில் ஆடியோவை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

போதவில்லை என்றால் கேட்பவரை நோக்கிய ஸ்பீக்கர்களும் வசனத்துக்கென்று தனி சென்டர் சேனலும் உள்ள சவுண்ட்பார் எடுங்கள். டிவியில் ‘ஏ.ஆர்.சி.’ (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில்தான் செருக வேண்டும், பக்கத்துத் துளையில் செருகினால் சத்தமே வராது. டிவி மெனுவில் சி.இ.சி.யை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கும். அப்போதுதான் டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் வால்யூம் மாறும். ஆப்டிகலில் இணைத்தால் பெரும்பாலும் அப்பா கையில் இரண்டு ரிமோட் வந்துவிடும்.

அதைவிட மலிவான வழியும் உண்டு. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வயரில் இணைத்து வைத்துவிடுங்கள். தூரம் குறைந்தாலே வசனம் தெளியும். ப்ளூடூத்தில் வைத்தால் உதடு முந்தும், பேச்சு பிந்தும். இதற்கும் புரியவில்லை என்றால் காதுப் பரிசோதனைதான் அடுத்த செலவு.

10-க்கு 12 அறையில் சப்வூஃபர் வைத்தோம். சில பாட்டில் ‘டொம்’ என்று அறையே அதிர்கிறது, சில பாட்டில் பேஸே இல்லை. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சரியாகுமா?
– வாசகர், தஞ்சாவூர்

ஆகாது. முட்டை அட்டை பேஸைத் தொடக்கூடத் தொடாது. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் மோதி நின்று வீங்கும். அந்தச் சுரத்தில் பேஸ் வந்தால் டொம். வேறு சுரத்தில் வந்தால் அந்த வீக்கம் இல்லை; நீங்கள் அறையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தால் அதே சுரமே பள்ளம்.

சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் அடையாளம் வைத்து, சப்வூஃபரை அங்கே மாற்றுங்கள். பெரும்பாலும் அது மூலையாக இருக்காது. கிராஸ்ஓவரை (சப்வூஃபர் எதுவரை பாட வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்து, தள்ளல்-இழுப்பைத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் கேட்டு, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். பிறகு சப்வூஃபர் தனியாகக் கேட்பது மறையும் வரை அதன் வால்யூமைக் குறையுங்கள்.

கை தட்டினால் ‘டர்ர்’ என்று எதிரொலிக்கிறதா? அது டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் செய்வது. உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தடித்த விரிப்பு, ஜன்னலுக்குக் கனத்த திரை, பின்சுவரில் புத்தக அலமாரி. இந்த மூன்றும் செய்யும் மாற்றத்தை அதே காசுக்கு எந்த மின்னணுப் பெட்டியும் செய்யாது.

ஜப்பானில் இருந்து வந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. பின்னால் 100 வோல்ட் என்று உள்ளது. எடுக்கலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

எடுக்கலாம், டிரான்ஸ்பார்மரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு. 230-ஐ 100 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் தேவை. கடையில் 110 வோல்ட் உள்ளதைத் தருவார்கள். அது ஏற்கெனவே 10 சதவீதம் கூட; உங்கள் வீட்டில் மின்சாரம் 250-க்கு ஏறினால் செட்டுக்குச் சுமார் 120 வோல்ட் போகும். 100 வோல்ட் என்று தனியாக டேப்பிங் (வெளியே எடுக்கும் முனை) உள்ளதையே கேட்டு வாங்குங்கள். பின்தகட்டில் 150 வாட் என்றிருந்தால் டிரான்ஸ்பார்மர் 300 வி.ஏ. இருக்கட்டும். ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டிக்கு என்று விற்கும் கையடக்க ‘கன்வெர்ட்டர்’ ஆகவே ஆகாது. அது மின்னலையை வெட்டித் தருகிறது, ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்பார்மர் அதைத் தாங்காது. ‘50/60 ஹெர்ட்ஸ்’ என்று இரண்டும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கும் முன் மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, பாட்டு இல்லாமல், ஸ்பீக்கர் இணைக்காமல், டெர்மினல்களில் அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் உள்ளே வேலை இருக்கிறது. வால்யூம் திருகும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்பினால் போய்விடும். ரேடியோவோடு சேர்ந்த ரிசீவர் என்றால் ரேடியோவுக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். பழைய ஜப்பான் செட்டுகளின் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். இங்குள்ள நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே.

ஹாஸ்டலில் இருக்கிறேன். 3,000 ரூபாய்தான் முடியும். எந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாம்?
– வாசகர், வேலூர்

எதுவும் வேண்டாம். வயர் உள்ள நல்ல இயர்போனும், மொபைலில் ஜாக் இல்லையென்றால் ஒரு யு.எஸ்.பி. டாங்கிளும் வாங்குங்கள். 3,000 ரூபாய்க்கு எந்த ஸ்பீக்கரும் அந்தத் தெளிவைத் தராது. காதுக்குள் அடைக்கும் ரப்பர் மூன்று அளவில் வரும். மூன்றையும் போட்டுப் பாருங்கள். சரியாக அடைக்காவிட்டால் பேஸ் ஒழுகிவிடும்.

இருபது வருஷத்துப் பழைய ஸ்பீக்கர். கோனைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் தொட்டால் மாவாக உதிர்கிறது. புதிதே வாங்கிவிடலாமா, அதே அளவில் வேறு வூஃபர் போடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

இரண்டும் வேண்டாம். உதிர்வது சரவுண்ட் என்கிற அந்த வளையம் மட்டும்தான். கடலோரத்து ஈரக்காற்றில் ஸ்பாஞ்ச் வளையத்துக்கு ஆயுள் குறைவு. கோனும் காயிலும் காந்தமும் நன்றாகவே இருக்கும். மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 8 ஓம் வூஃபர் சுமார் 6 ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. அதே அளவு என்று வேறு வூஃபர் போட்டால் பெட்டியின் கொள்ளளவுக்கும் உள்ளே ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவருக்கும் அது பொருந்தாது. ஓட்டை அளவு மட்டும்தான் பொருந்தும்.

ரீஃபோம் செய்யும் ஆளிடம் கொடுக்கலாம், பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம். கோனின் விட்டம், வளையத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், சட்டத்தின் விட்டம் நான்கையும் மி.மீ. கணக்கில் அளந்து வளையம் வாங்குங்கள். உங்கள் ஊருக்கு ரப்பர் வளையம்தான் நீடிக்கும். ஆனால் தடித்த ரப்பரைப் போட்டால் கோனின் அசைவு இறுகி பேஸ் குறையும், அதனால் மெல்லியதாகப் பாருங்கள். பழைய ஸ்பாஞ்சையும் பசையையும் முழுக்கச் சுரண்டி எடுங்கள். முதலில் வளையத்தைக் கோனோடு ஒட்டிக் காயவிடுங்கள். சட்டத்தோடு ஒட்டுவது அதற்குப் பிறகு, அங்கேதான் கவனம் வேண்டும். பசை இறுகுவதற்குள் காயில் காந்தத்தின் இடுக்கில் சரியாக நடுவில் நிற்க வேண்டும். மொபைல் டோன் செயலியில் 30 ஹெர்ட்ஸ் வைத்து, ஆம்ப்ளிஃபயரில் மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டுக்கொண்டே ஒட்டினால், கோன் அசைந்து அசைந்து தானே நடுவுக்கு வரும். உரசும் சத்தம் கேட்டால் பசை ஈரமாக இருக்கும்போதே விரலால் கொஞ்சம் நகர்த்திவிடலாம். ஒருநாள் முழுக்கக் காயட்டும். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் கோனை எதிரெதிர்ப் பக்கத்தில் மெல்ல அமுக்கிப் பாருங்கள். கரகரவென்று உரசினால் அந்த ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் உதிர்ந்திருந்தாலும் இரண்டுக்கும் ஒரே வளையமாக மாற்றிவிடுங்கள். ஒன்று ரப்பரும் ஒன்று ஸ்பாஞ்சுமாக இருந்தால் இடமும் வலமும் ஒரே மாதிரி பாடாது.